நட்சத்திரச் செல்லுக்கு இடம் கொடுத்த மாதிரிப் பலகை: ஒரு மதிப்புரை

பதினோராம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலப் பாடம் நடத்துகிற எவரும் அறிந்த குறை ஒன்று உண்டு. சினாப்ஸ் (நரம்புச் சந்திப்பு) படம் என்றால் இரண்டு நியூரான்களின், அதாவது நரம்புச் செல்களின், முனைகள், நடுவே ஓர் இடைவெளி, அதில் சில புள்ளிகள், அவ்வளவுதான். செய்தியைச் சுமந்து ஒரு முனையிலிருந்து வெளியே வந்த வேதிப்பொருளான நரம்புணர்வு கடத்தி, வேலை முடிந்த பிறகு என்ன ஆகிறது, அதை யார் அப்புறப்படுத்துகிறார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் விடை இருக்காது. கும்பகோணத்தில் பள்ளி ஆய்வகங்களுக்கு மாதிரிகள் செய்து தரும் ஒரு சிறு பட்டறை தயாரித்து, தஞ்சாவூரில் உள்ள அறிவியல் கருவிக் கடை ஒன்றின் வழியாக விற்கப்படும் நரம்புச் சந்திப்பு இயங்கு மாதிரி இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் அதில் உள்ள நான்கு சுவிட்சுகளில் ஒன்று முழுத் தவறாகவும் இன்னொன்று பாதித் தவறாகவும் இணைக்கப்பட்டிருப்பதால், பெட்டியைப் பிரித்தவுடன் அப்படியே வகுப்பில் வைத்துவிடலாம் என்று சொல்வதற்கில்லை. மன்னார்குடி வட்டாரத்தில் உள்ள எங்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் ரூ. 4,800 கொடுத்து வாங்கி, பாடம் நடத்தியும் மாணவர்களின் கையில் கொடுத்தும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை. அதன் மேல் அக்ரிலிக்கில் வெட்டிய மூன்று உருவங்கள் திருகி வைக்கப்பட்டுள்ளன: இடப்புறம் தகவலை அனுப்பும் நியூரானின் முனை, வலப்புறம் தகவலைப் பெறும் நியூரான், இரண்டையும் மேலிருந்து கை நீட்டி அணைத்தாற்போல ஊதா நிறத்தில் ஆஸ்ட்ரோசைட் எனப்படும் நட்சத்திர வடிவக் கிளியல் செல் (நியூரான்களுக்குத் துணை நிற்கும் செல் வகை). அதன் ஒரு கிளை பலகையின் ஓரத்தில் வரையப்பட்ட சிவப்பு இரத்த நுண்குழாய் வரை போய்ப் பாதம் பதித்திருக்கிறது. எல்.இ.டி. விளக்குகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. சுவிட்சைப் போட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, கடத்தி எங்கே தோன்றி எந்த வழியாகப் போகிறது என்று காட்டுகின்றன. பின்புறத்தைத் திறந்து பார்த்தேன். சால்டரிங் சுத்தமாக இருக்கிறது. கம்பிகளுக்கு நிறம் பிரித்து எண் ஒட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கு வருகிற மாதிரிகளில் இவ்வளவு ஒழுங்கைப் பார்ப்பது அரிது.

மாதிரியின் உயிர் முதல் சுவிட்சில் இருக்கிறது. அது குளுட்டமேட் என்ற கடத்திக்கு உரியது. மூளையில் கிளர்ச்சியூட்டும் செய்திகளில் மிகப் பெரும்பகுதி குளுட்டமேட் வழியாகத்தான் போகிறது என்பதும், அதைச் சிதைக்கக்கூடிய நொதி எதுவும் செல்களுக்கு வெளியே கிடையாது என்பதும் நம் மாணவர்களுக்குச் சொல்லப்படாத இரண்டு செய்திகள். நியூரானின் முனையில் கடத்தியை அடைத்து வைத்திருக்கும் ஒரு சிறு குமிழுக்குள் சில ஆயிரம் குளுட்டமேட் மூலக்கூறுகள் இருக்கும். அது வெடித்துத் திறக்கும்போது சினாப்ஸ் இடைவெளியில் அதன் செறிவு கண நேரத்துக்கு ஒரு மில்லிமோலார் அளவுக்கு ஏறி, ஓரிரு மில்லிநொடிக்குள் இறங்கிவிடுகிறது. சிதைக்க நொதி இல்லாதபோது இவ்வளவு விரைவாக எப்படி இறங்கும்? ஒரு பகுதி சுற்றிலும் பரவி நீர்த்துப் போகிறது. பரவியதை ஆஸ்ட்ரோசைட்டின் சவ்வில் உள்ள உள்ளிழுக்கும் புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. சுவிட்சைப் போட்டதும் இடைவெளியில் சிவப்பு விளக்குகள் எரிந்து, பின் ஊதா உருவத்தின் ஓரத்தில் வரிசையாக மறைகிற அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, கடைசி பெஞ்சில் இருக்கிற பையன்கூட குளுட்டமேட் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை எழுதிவிடுகிறான்.

இந்த உள்ளிழுப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கையேடு நன்றாகவே விளக்குகிறது. ஒரு குளுட்டமேட் உள்ளே போகும்போது மூன்று சோடியம் அயனிகளும் ஒரு ஹைட்ரஜன் அயனியும் கூடவே உள்ளே போகின்றன. ஒரு பொட்டாசியம் அயனி வெளியே வருகிறது. சோடியம் இயல்பாகவே உள்ளே பாயத் துடிப்பதால், அந்தப் பாய்ச்சலின் வலிமையைக் கொண்டு குளுட்டமேட்டைச் செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்கு ஏற்ற முடிகிறது. இந்தப் புரதங்களில் முக்கியமானது மனிதரில் ஈஏஏடி2 என்று அழைக்கப்படுவது. மூளையின் குளுட்டமேட் உள்ளிழுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதன் பங்கு என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு புரதம் ஒரு மூலக்கூறைக் கடத்தி முடிக்கப் பல பத்து மில்லிநொடிகள் ஆகும். குளுட்டமேட் வந்து போகும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவான வேலை. அந்தக் குறையை எண்ணிக்கை ஈடு செய்கிறது: சவ்வின் ஒரு சதுர மைக்ரோமீட்டரில் இவை ஆயிரக்கணக்கில் நெருங்கியிருப்பதால், வந்ததை முதலில் பற்றிக்கொண்டு, பிறகு நிதானமாக உள்ளே விடுகின்றன. கையேட்டில் இந்தக் கடைசிச் செய்தி மட்டும் இல்லை. ‘மின்னல் வேகத்தில் உறிஞ்சுகிறது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

சிவப்பாக உள்ளே போன விளக்கு ஆஸ்ட்ரோசைட்டின் நடுவில் பச்சையாக மாறி, வேறொரு வழியாக வெளியேறி, அனுப்பிய நியூரானுக்கே திரும்பிப் போகிறது. அந்தப் பச்சைதான் குளுட்டமின். உள்ளே வந்த குளுட்டமேட்டோடு அம்மோனியாவைச் சேர்த்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, குளுட்டமின் சின்தடேஸ் என்ற நொதி இதை ஆக்குகிறது. மூளையில் இந்த நொதி பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளிலேயே இருக்கிறது. கடத்தியைப் பெற்று நியூரானைத் தூண்டும் புரதங்களான ஏற்பிகள் எதையும் குளுட்டமின் தூண்டாது என்பதால் அதை அச்சமின்றி வெளியே விடலாம். நியூரான் அதை வாங்கி மறுபடி குளுட்டமேட்டாக்கிக் குமிழ்களில் நிரப்பிக்கொள்ளும். ஆபத்தான பொருளை ஆபத்தில்லாத வடிவத்துக்கு மாற்றித் திருப்பி அனுப்பும் இந்தச் சுற்றை நிறம் மாறும் ஒரு விளக்கால் காட்டியது பட்டறைக்காரரின் கெட்டிக்காரத்தனம். விளக்கின் வேகம் மட்டும் உண்மையைவிட மிகவும் மெதுவானது. கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஆசிரியர் அதை வாயால் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் செல் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதை மட்டும் பார்க்கிறவர் விவசாயி ஆகமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் தூர்ந்து கிடந்தால் சம்பாப் பயிர் தண்ணீரிலேயே அழுகிப் போகும். குளுட்டமேட்டும் அப்படித்தான். அது தேங்கினால் எதிரிலுள்ள நியூரானின் ஏற்பிகள் ஓயாமல் திறந்து, கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே புகுந்து, செல்லே அழிகிறது. 1969இல் ஜான் ஆல்னி என்ற ஆய்வாளர் எலிக்குஞ்சுகளுக்குக் குளுட்டமேட்டைச் செலுத்தி மூளைச் செல்கள் அழிவதைக் காட்டினார். மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டுப் பக்கவாதம் வரும்போது நடப்பது இதனினும் கொடியது: ஏடிபி தீர்ந்து சோடியத்தை வெளியேற்றும் பம்பு நின்றுவிடுவதால், உள்ளிழுக்கும் புரதங்களில் ஒரு பகுதி எதிர்த்திசையில் இயங்கி, உள்ளே இருந்த குளுட்டமேட்டை வெளியே கொட்டத் தொடங்குகிறது. கல்லீரல் கெட்டுப்போனவர்களுக்கு நினைவு தடுமாறுவதிலும் இந்தச் செல்லுக்குப் பங்குண்டு. இரத்தத்தில் அம்மோனியா ஏறும்போது அதைக் கட்டுவதற்காக ஆஸ்ட்ரோசைட் குளுட்டமினை மிகுதியாக ஆக்கி, அந்தச் சுமையாலேயே நீர் கோத்து வீங்குகிறது. இவ்வளவையும் பேசுவதற்கு முதல் சுவிட்ச் ஒன்றே இடம் கொடுக்கிறது. ஒரு பாடவேளை போதாது.

இரண்டாம் சுவிட்ச் அசிட்டைல்கோலைன் என்ற கடத்திக்கு உரியது. இங்கேதான் மாதிரி சறுக்குகிறது. மஞ்சள் விளக்குகள் இடைவெளியில் எரிந்து, முதல் சுவிட்சில் நடந்தது போலவே ஆஸ்ட்ரோசைட்டுக்குள் போய் மறைகின்றன. இது தவறு. அசிட்டைல்கோலைன் இடைவெளியிலேயே வெட்டப்படுகிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அங்கேயே நிலைகொண்டு, ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குப் பல ஆயிரம் என்ற வேகத்தில் அதை அசிட்டேட்டாகவும் கோலைனாகவும் பிளக்கிறது. கோலைனை அனுப்பிய நியூரானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒரே கம்பி அமைப்பை இரண்டு சுவிட்சுக்கும் பயன்படுத்திச் செலவைக் குறைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

வேறு எந்த ஊரிலாவது இதைச் சிறு பிழை என்று விட்டுவிடலாம். நெல் விளைகிற பூமியில் விட முடியாது. வயலுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள், அதாவது குளோர்பைரிபாஸ், முன்பு பரவலாக அடித்த மோனோகுரோட்டோபாஸ் போன்றவை, இந்த நொதியைத்தான் முடக்குகின்றன. இதை நான் சொன்னவுடன், அப்பா மருந்து தெளிப்பவராக இருக்கிற ஒரு மாணவி எழுந்து, “சார், அப்ப மருந்து ஏறுனவங்களுக்கு வாயில எச்சி ஒழுகுறது, கண்ணு பாப்பா சுருங்குறது எல்லாம் இதனாலதானா?” என்று கேட்டாள். இதனால்தான். வெட்ட ஆள் இல்லாமல் அசிட்டைல்கோலைன் தேங்குவதால் எச்சிலும் வியர்வையும் பெருகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தசை துடித்து, கடைசியில் மூச்சு தடைபடுகிறது. மருத்துவமனையில் போடும் அட்ரோபின் ஊசி, தேங்கிய அசிட்டைல்கோலைன் ஒரு வகை ஏற்பிகளைத் தூண்டாதபடி அவற்றை மறைக்கிறது. பிராலிடாக்சைம் என்ற மருந்து, முடங்கிய நொதியை மீட்கப் பார்க்கிறது. மாதிரி காட்டுகிறபடி ஆஸ்ட்ரோசைட்தான் இதையும் உறிஞ்சுகிறது என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, தன் வீட்டுக் கொல்லையில் இருக்கிற ஆபத்து எப்படி வேலை செய்கிறது என்பது விளங்காமலே போய்விடும். கிளியல் செல்லின் பெருமையைச் சொல்ல வந்த மாதிரி, எல்லாப் பெருமையையும் அதன் தலையிலேயே ஏற்றிவிட்டது.

மூன்றாம் சுவிட்ச் காபா என்னும் அடக்கும் கடத்திக்கு. இது பாதி சரி. காபாவைத் திரும்ப எடுப்பதில் பெரும்பங்கு அதை வெளியிட்ட நியூரானின் முனைக்கே உரியது. அங்கே இருப்பது காட்-1 என்ற புரதம். ஆஸ்ட்ரோசைட்டுகள் முக்கியமாகக் காட்-3 மூலம் எஞ்சியதையும் பரவியதையும் எடுத்துச் சிதைக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் டியாகாபின் மருந்து காட்-1ஐத் தடுத்து, காபாவைச் சற்று நேரம் கூடுதலாக இடைவெளியில் நிற்கச் செய்வது. மாதிரியில் விளக்குகள் அத்தனையும் ஊதா உருவத்துக்கே போகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் இடப்புற நியூரானுக்குத் திருப்பியிருந்தால் பிழை நீங்கியிருக்கும்.

டோப்பமின் என்ற கடத்திக்கான நான்காவது சுவிட்சில் குறை இல்லை. விளக்குகள் நியூரானுக்கே திரும்புகின்றன. ஓரத்தில் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் ஒரே ஒரு விளக்கு எரிந்து, டோப்பமினைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.-பி என்ற நொதி அங்கே இருப்பதைக் காட்டுகிறது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலின் அந்த நொதியைத்தான் தடுக்கிறது. இவ்வளவு நுட்பம் தெரிந்தவர்கள் இரண்டாம் சுவிட்சில் எப்படிக் கோட்டை விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

கூடவே வருகிற தமிழ்க் கையேட்டின் நடை நன்று. பாடநூல் சொற்களையே பயன்படுத்தியிருப்பதால் மாணவர் தாமே படித்துக்கொள்ளலாம். ஆனால் மூளையில் கிளியல் செல்கள் நியூரான்களைப் போல் பத்து மடங்கு என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு பழையது. சுசானா ஹெர்குலானோ-ஹௌசல் குழுவினர் 2009இல் வெளியிட்ட எண்ணிக்கைப்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களும், கிட்டத்தட்ட அதே அளவுக்கு நியூரான் அல்லாத செல்களும் உள்ளன. எண்ணிக்கையை ஊதிக் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. மனித மூளையின் ஒரே ஆஸ்ட்ரோசைட் தன் எல்லைக்குள் 20 லட்சம் சினாப்ஸ்கள் வரை அணைத்திருக்கக்கூடும் என்ற மதிப்பீடு ஒன்றே மாணவர்களை வாய் பிளக்க வைக்கும்.

கையேட்டின் பின்பகுதியில் ஆஸ்ட்ரோசைட் கடத்திகளை உறிஞ்சுவதோடு தானும் கடத்திகளை வெளியிட்டு நியூரான்களோடு ‘பேசுகிறது’ என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருக்கிறார்கள். குளுட்டமேட் பட்டதும் ஆஸ்ட்ரோசைட்டுகளில் கால்சியம் அலையாக எழுவதை 1990இல் கண்டார்கள். 1999இல் அல்ஃபோன்சோ அராக்கேயும் பிலிப் ஹேடனும் உடன் ஆய்வாளர்களும் சினாப்ஸ் என்பது இருவர் அல்ல, மூவர் சேர்ந்தது என்ற கருத்தை முன்வைத்தார்கள். இந்த மாதிரியின் வடிவமே அந்தக் கருத்திலிருந்து பிறந்ததுதான். எனினும் உயிருள்ள மூளையில் ஆஸ்ட்ரோசைட் எந்த அளவுக்கு, எந்த வழியில் கடத்திகளை வெளியிடுகிறது என்பது ஆய்வாளர்களிடையே இன்றும் தீராத விவகாரம். உறிஞ்சுகிறது என்பது முடிந்த செய்தி, பேசுகிறது என்பது நடந்துகொண்டிருக்கும் விவாதம் என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். பாடநூலில் இல்லாத ஒன்றைப் பாடநூல் தொனியில் சொல்வது தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆகாது.

இடையில் ஒரு செய்தி. குளுட்டமேட் ஆபத்து என்றவுடன் வகுப்பில் தவறாமல் வருகிற கேள்வி, குளுட்டமேட் உப்பான அஜினமோட்டோவைப் பற்றியது. உணவில் சேர்கிற குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் சுவரே எரித்துவிடுகிறது. மீதியையும் மூளைக்குள் எளிதில் நுழைய விடாமல் இரத்த நுண்குழாயின் சுவர் தடுக்கிறது. பாஸ்ட் புட் கடைக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ரசத்தில் கரைகிற தக்காளியிலும் அதே குளுட்டமேட் உண்டு. பலகையில் வரைந்திருக்கும் நுண்குழாயை இந்த இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மாதிரியில் இல்லாதது பொட்டாசியம். நியூரான் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் சிறிது பொட்டாசியம் வெளியே வருகிறது. வெளித் திரவத்தில் அதன் அளவு 3 மில்லிமோலார் அளவிலேயே நிற்க வேண்டும், ஏறினால் பக்கத்து நியூரான்களும் காரணமின்றித் துடிக்கத் தொடங்கும். அதை வாங்கிக்கொள்வதும் ஆஸ்ட்ரோசைட்தான். நியூரான் துடிக்கும்போது வெளியேறும் பொட்டாசியத்தால் கிளியல் செல்லின் மின்னழுத்தம் மாறுவதை 1966இல் கஃப்ளர், நிக்கோல்ஸ், ஆர்கண்ட் ஆகியோர் நெக்டூரஸ் என்ற நீர்வாழ் விலங்கின் பார்வை நரம்பில் காட்டினார்கள். ஐந்தாவது சுவிட்ச் ஒன்று வைப்பதற்குப் பலகையில் இடமும் இருக்கிறது.

நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. எங்கள் பக்கத்து மின்சாரம் ஏறி இறங்கியதில் ஒரு முறை அடாப்டர் போய்விட்டது. பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும் என்பதால் அன்று மாலையே சரியானது. அக்ரிலிக் ஓரங்கள் கூர்மையாக இருப்பதால் சிறு பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. சென்னையிலிருந்து வருகிற, அசையாத ரெசின் மாதிரிகள் இதைவிடப் பளபளப்பானவை. நான் பார்த்தவற்றில் ஆஸ்ட்ரோசைட் ஓரத்தில் ஒரு கறையைப் போல ஒட்டியிருந்ததே தவிர, அது என்ன செய்கிறது என்று காட்டியது ஒன்றும் இல்லை. அதனால்தான் பிழைகளோடும் இதையே பரிந்துரைக்கிறேன்.

கடையில் ஆயத்தமாக இருப்பதை எடுத்துக்கொண்டு வராமல், ஆர்டர் கொடுத்து வாங்குங்கள். இரண்டாம் சுவிட்சின் விளக்குகளை இடைவெளியிலேயே அணையும்படியும், ஒரு விளக்கை மட்டும் கோலைனாக இடப்புற நியூரானுக்குத் திருப்பும்படியும் கேளுங்கள். எங்கள் பலகையைப் பட்டறைக்கே எடுத்துப் போனபோது, அங்கிருந்த பெரியவர் கையேட்டையும் என் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இத மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா மாத்திருப்பேன் சார்” என்று சொல்லிக்கொண்டே கம்பியை மாற்றிக் கொடுத்தார். தனிக் கூலி வாங்கவில்லை. மூன்றாம் சுவிட்சுக்குக் கூடுதல் விளக்குகள் வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் முந்நூறு ரூபாய் ஆகும் என்றார்.